நிலத்துக்கு ஒரு சொட்டு

மரியதாசன் இறந்து இருபது வருடமாகிறது. ஆனாலும் சனிக்கிழமை காலைகளில் லியோனல்-குறூ மெற்றோவுக்கு வெளியே 211ஆம் இலக்க பஸ் வரிசையில் வந்து நிற்க அவர் ஒருநாளும் தவறியதில்லை. மற்றப் பேய்கள் இருட்டையும் புளியமரத்தையும் தேடும். இவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பட்டப்பகலில் ஏறுவார், சாரதி ரிக்கற் கேட்கமாட்டார், ஜன்னலோரமாக உட்காருவார். பக்கத்து இருக்கையில் வலன்ரைன்.

மன்னார்க் கரையில் கடைசியாகக் கட்டியிருந்த அதே நீலக்கட்டச் சாரம், தோளில் ஒரு துவாய். கார்த்திகை மாதத்து மொன்றியலுக்கு அது போதாது. கண்கள் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. சத்தம் வரும் பக்கமாக முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருப்பார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசமாட்டார். வலன்ரைன் எங்கேயாவது ஒரு கிளாசைக் கையில் எடுத்தால் மட்டும், காதுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கேட்பார்.

"என்ன மாதிரி, தம்பி?"

அவ்வளவுதான். இருபது வருடமாக ஒரே கேள்வி.

வலன்ரைனுக்கு ஐம்பத்துமூன்று வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் மனைவி றோசாவோடு குடியிருக்கிறார். தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மிஸ்டர் கிளெக் என்ற வெள்ளைக்காரரின் மதுச்சாலையில் வேலை. கிளாஸ் கழுவுவது, நிலம் துடைப்பது, நிலவறையில் பீப்பாக்களை உருட்டுவது. றோசாவின் மூத்த அக்கா திரேசாவைக் கட்டியவர்தான் மரியதாசன். ஆக, செத்தவர் வலன்ரைனுக்குச் சகலன். அவர் உயிரோடு இருந்தபோது வலன்ரைன் 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டார். இப்போது கூப்பிடுவதில்லை.

மிஸ்டர் கிளெக் யோர்க்‌ஷயர் மனிதர். அவர் உலகத்தில் நம்பியது ஒன்றே ஒன்றை. 'பிற்றர்' என்று அவருடைய ஊரார் அழைக்கும் கசப்புப் பியரை. அதை ஐஸ் போலக் குளிரவிடக் கூடாது, நுரைக்க நுரைக்கக் காற்றடிக்கக் கூடாது, பீப்பாவிலேயே மெதுவாகப் பழுக்கவிட்டுக் கைப்பம்பினால் இழுத்து வார்க்கவேண்டும். அந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, உங்கள் குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டதா, மெஸ்யு என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்கள். மிஸ்டர் கிளெக் பதில் சொல்வதில்லை. தியாகிகள் பதில் சொல்வதில்லை.

வலன்ரைனின் மூக்கு கண்டுபிடிக்கப்பட்டது அரசாங்கத்தின் தயவால். 2006ஆம் ஆண்டு வைகாசி கடைசியோடு மதுச்சாலைகளில் சிகரெட் பிடிக்கக் கூடாதென்று கியூபெக்கில் சட்டம் வந்தது. புகை விலகியதும் அதுவரை அடியில் ஒளிந்திருந்த மணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆனியில் ஒருநாள் வலன்ரைன் துடைப்பத்தோடு நிலவறைப் படியின் உச்சியில் நின்றபடியே சொன்னார்.

"சேர், மூண்டாவது பீப்பா பிழைச்சுப் போச்சு."

மிஸ்டர் கிளெக் சிரித்தார். பீப்பா திறந்தும் இருக்கவில்லை. திறந்து பார்த்தபோது வினாகிரி. அடுத்த வாரம் ஐந்தாவது பீப்பாவில் நனைந்த காட்போட் பெட்டி மணக்கிறதென்றார். அதற்கடுத்த வாரம் ஒரு புதுப் பீப்பாவில் மருந்துச் சீலை மணக்கிறதென்றார். மூன்றும் சரி. மிஸ்டர் கிளெக் துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, நிலமும் துடைபட வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, திரும்பக் கொடுத்தார்.

அந்த வருடமே வலன்ரைன் நடுவரானார். மேற்குத் தீவு மரபுக் கசப்பு நண்பர் கழகம் என்ற பேரவைக்கு மொத்தம் ஏழு அங்கத்தினர். அதில் இருவர் சகோதரர்கள், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அங்கத்தினர் கொண்டுவரும் ஆறு ஆலைகளின் பிற்றர்களை இலக்கமிட்ட கிளாசுகளில் வைத்து மூன்று நடுவர்கள் தீர்ப்பளிப்பார்கள். மணத்துக்கு இத்தனை, நிறத்துக்கு இத்தனை, சுவைக்கு இத்தனை என்று மொத்தம் ஐம்பது புள்ளி. உயர்நீதிமன்றத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு இராது.

நல்ல பிற்றர் எப்படி இருக்கும் என்பதை வலன்ரைன் தனக்குள் தமிழில்தான் எழுதி வைத்திருந்தார். சாயத் தேத்தண்ணியை வெயிலுக்குப் பிடித்த நிறம். முகர்ந்தால் மழை பெய்த வேலியோரத்து இலை, அதற்குப் பின்னால் பாண் சுடும் போறணை. நாக்கில் முதலில் பனங்கட்டி தொட்டும் தொடாமலும் வரும், நடுவில் கருகின பாண் ஓடு, எல்லாம் இறங்கின பிறகு பாவற்காய் தனியாக நின்று பேசும். அந்தக் கசப்பு அடுத்த வாய்க்குக் கூப்பிட வேண்டும், துரத்தக் கூடாது.

ஆனால் நல்லது என்ற சொல்லை மட்டும் அவர் எதைப் பற்றியும் சொல்வதில்லை. பிழையைச் சொல்லுவார். பிழை இல்லையென்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். எதையும் புகழாத மனிதனைப் பெரிய ரசிகன் என்று கருதுவது ஆங்கிலேயர் வழக்கம். அவர்கள் அவரை வணங்காத குறை. றோசா மட்டும் வணங்கவில்லை.

"கலியாணம் கட்டின புதுசில என்ர சமையலை எவ்வளவு வாயாலே புளுகுவீங்கள்," என்பாள். "இருவது வருசமாய் ஒரு கறியை நல்லாயிருக்கெண்டு சொல்ல உங்கட நாக்குக்கு என்ன வந்தது? லகானோ?"

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதைக் குடிப்பதானாலும் முதலில் விரலைத் தோய்த்து ஒரு சொட்டை நிலத்தில் தெறிப்பார். ஊர்க் கள்ளுக் கொட்டிலில் எல்லோரும் செய்வதுதான். செத்தவர்களுக்கு முதல் சொட்டு. கொட்டிலில் மணல் நிலம், யாருக்கும் தொல்லையில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் வெள்ளை லினோலியம். அவருடைய கதிரையடியில் பதினெட்டு வருடத்துச் சொட்டுகள் சேர்ந்து ஒரு கபில நிறப் பொட்டாகியிருந்தன. றோசா எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வலன்ரைன் நடுவரான முதல் வருடப் போட்டியில் இதைக் கவனித்தவர் மூத்த நடுவரான கேணல் பெம்பர்ரன். நரைத்த பெரிய மீசைக்காரர். அடுத்த கிளாசுக்கு அவரும் விரலைத் தோய்த்துத் தெறித்தார். மூன்றாவது நடுவர் மதாம் லவோய், கேணல் எதைச் செய்தாலும் செய்கிறவர். அவரும் தெறித்தார். சொட்டு விழுகிற விதத்தில் பியரின் பாரம் தெரியுமென்று கேணல் பார்வையாளர்களுக்கு விளக்கினார். இரண்டாம் வருடம் புள்ளித் தாளில் 'இலங்கை முறைச் சோதனை' என்று ஒரு வரி ஏறிவிட்டது. மிஸ்டர் கிளெக் மேசைக்குக் கீழே விரிக்க ஒரு பாய் வாங்கினார்.

செத்தவருக்கு ஊற்றுகிறேன் என்று சொல்ல வலன்ரைன் இரண்டு தடவை வாயெடுத்தார். எந்தச் செத்தவர் என்று கேட்டால் என்ன சொல்வது?

மூன்றாம் வருடம், 2008. அந்த முறை கார்த்திகை இரண்டாம் திகதி, சகல ஆத்துமாக்களின் நாள், ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இங்கே கல்லறை இல்லாத சனங்கள், ஊரில் புதைத்தவர்களை நினைத்து, சேமக்காலையின் பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். வலன்ரைன் மரியதாசனுக்கு ஒன்று கொளுத்தினார். அது தூறலில் அணைந்தது. திரும்பக் கொளுத்தினார். திரும்ப அணைந்தது. மரியதாசன் பக்கத்திலேயே நின்று, தன் திரி அணைகிற சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாவது தடவை திரி பற்றியபோது வலன்ரைனின் மூக்குக்குள் தடிமன் குடியேறி அடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை றோசா கொத்தமல்லித் தண்ணியை முன்னால் வைத்தாள். இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு, தெருமுனை வரைக்கும் மணக்கக்கூடிய தண்ணி. வலன்ரைன் கிளாசுக்குள் மூக்கை விட்டார். ஒன்றுமில்லை. வெந்நீர்.

"மணக்குதோ?" என்றாள் றோசா.

"மணக்குது."

"பொய். அதுக்குள்ள இப்ப உள்ளியும் போட்டிருக்கிறன். உள்ளி மணக்குதெண்டு சொல்லுவீங்களெண்டு பாத்தன்."

"உள்ளியுந்தான் மணக்குது."

"உள்ளி போடேல்லை," என்றாள். "இஞ்சாருங்கோ, ரெலிபோன் எடுத்து ஏலாதெண்டு சொல்லுங்கோ. தடிமனெண்டால் வெள்ளைக்காரனுக்கும் விளங்கும்."

"என்னை நம்பி ஏழு பேர் இருக்கினம், றோசா."

"ஏழு பேரெண்டால் அதென்ன பாராளுமன்றமே?"

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். கதிரையடியில் அன்றைய சொட்டு ஈரமாக இருந்தது.

பஸ் போகும் வழியெல்லாம் ஒரு பக்கம் ஆறு வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மன்னார்க் கடல் நினைவுக்கு வரும்.

1988, அதே கார்த்திகை. மன்னாரில் விடாத மழை. ஊரடங்கு. கள்ளுத் தவறணை பூட்டு. களவாகக் காய்ச்சிய கசிப்பு மட்டும் போத்தல் போத்தலாக நடமாடியது. அந்தக் கரையில் அப்போது ஒரு நடைமுறை இருந்தது. வலன்ரைன் முகர்ந்து, ஒரு வாய் வைத்து, 'ஓம், நல்லது' என்று சொல்லாமல் ஒருவரும் குடிக்கமாட்டார்கள். முப்பத்துமூன்று வயது இளந்தாரிக்கு அது எவ்வளவு பெரிய பதவி. அன்று மரியதாசன் ஒரு போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"தம்பி, உனக்குத் தடிமன் போல கிடக்கு. மணம் பிடிபடுமோ?"

"என்ர மூக்குக்கோ, அண்ணை? தடிமன் பிடிச்சாலும் என்ர மூக்கு மூக்குத்தான்."

முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் வைத்தார், எரிந்தது. கசிப்பு எப்போதும் எரியும். முகத்தைச் சரியான அளவுக்குச் சுளித்தார்.

"என்ன மாதிரி, தம்பி?"

"நல்லது, அண்ணை."

அதில் வார்னிஷ் ஸ்பிரிட் கலந்திருந்தது. திறந்த மூக்குக்குப் பத்தடி தூரத்திலேயே பிடிபட்டிருக்கும். விடியும்போது மரியதாசன், ஏன் இன்னும் விளக்குக் கொளுத்தவில்லை என்று கேட்டார். வெயில் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் செத்துப்போனார். ஊர் காய்ச்சியவனைத் திட்டியது, காலத்தைத் திட்டியது. வலன்ரைனை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒரு வாய் வைத்தவர்தானே, தப்பினது மாதாவின் கிருபை என்றார்கள். அன்று அவர் மூக்கு அடைத்திருந்தது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பினார். ஒருவர் செத்துவிட்டார். செத்தவர் இப்போது டோர்வல் தாண்டும் பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேசை தயாராகியிருந்தது. வெள்ளை விரிப்பு, ஆறு பிற்றர்கள், நடுவே வாய் கழுவத் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கற்றும். ஏழு அங்கத்தினரும் தேவாலயத்தில் போல முழங்காலில் கை வைத்து இருந்தார்கள். பேச்சில்லாத சகோதரர்கள் இரண்டு ஓரத்தில். மிஸ்டர் கிளெக் இரண்டு வாரமாகத் தாடி மழிக்கவில்லை. இரண்டாம் இலக்கக் கிளாஸ் அவர் ஊரிலிருந்து தருவித்த பீப்பா என்பது நடுவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்.

நடுவர் மேசையின் நாலாவது கதிரை காலியாக இருந்தது. மரியதாசன் அதில் வந்து உட்கார்ந்து, துவாயால் முகம் துடைத்தார்.

"வால், தொடங்குவோமா?" என்றார் கேணல். வலன்ரைன் என்ற பெயர் அந்த மீசைக்கடியில் அவ்வளவுதான் தேறும்.

முதல் கிளாஸ். வலன்ரைன் வெளிச்சத்துக்குப் பிடித்தார். நிறம் சரி. விரலைத் தோய்த்துச் சொட்டைத் தெறித்தார். இரண்டு நடுவர்களும் தெறித்தார்கள், பாய் நனைந்தது. மூக்கை உள்ளே விட்டார்.

பூட்டின கதவு.

இன்னொருமுறை இழுத்தார். இலையுமில்லை, போறணையுமில்லை. நாக்கில் வைத்தார். ஏதோ கொஞ்சம் இனித்தது, ஏதோ நிறையக் கசந்தது. மணமில்லாத கசப்பு யாரோ பக்கத்து அறையில் சண்டை பிடிப்பதுபோல. சத்தம் வரும், விஷயம் விளங்காது.

"என்ன மாதிரி, தம்பி?"

வலன்ரைன் முகத்தைச் சரியான அளவுக்குச் சுளித்தார்.

கேணல் அந்த முகத்தைப் பார்த்தார், தானும் சுளித்தார். மதாம் லவோய் கேணலைப் பார்த்தார், தானும் சுளித்தார். மூன்று பென்சில்களும் இருபத்தெட்டு என்று எழுதின. பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார், யாருடைய பியரோ செத்துவிட்டது.

இவ்வளவு லேசாக இருக்குமென்று வலன்ரைன் நினைக்கவில்லை. அப்படியில்லை. இவ்வளவு லேசு என்பது அவருக்கு மன்னாரிலேயே தெரியும். மூக்கே வேண்டாம். முகம் போதும். இன்னும் ஐந்து சுளிப்பு, கைதட்டல், வீடு. அடுத்த வருடமும் கதிரை இருக்கும்.

இரண்டாம் கிளாசை எடுத்தார். கேணலும் மதாமும் எடுத்தார்கள்.

மரியதாசனும் எடுத்தார்.

இருபது வருடத்தில் அவர் ஒரு கிளாசைத் தொட்டதில்லை. கேட்பார், அவ்வளவுதான். இப்போது அந்தக் குருட்டுக் கண்கள் நேரே வலன்ரைனைப் பார்த்தபடி இருக்க, முழங்கை மெல்ல உயர்ந்தது. அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, தம்பி சொன்னால் சரி என்ற முகம். கிளாஸ் உதட்டைத் தொட்டது.

"குடிக்காதேங்கோ அண்ணை!"

வலன்ரைன் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. கேணலின் கிளாஸ் மீசையருகே நின்றது. மதாம் லவோய் அந்தத் தமிழ்ச் சொல் விளங்காமலே கிளாசை மேசையில் வைத்துவிட்டார். ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"அதில் என்ன?" என்றார் மிஸ்டர் கிளெக், வெளுத்துப்போய். "என்ன கலந்திருக்கிறது?"

"தெரியாது, சேர்."

"தெரியாதா?"

"எனக்கு மணக்கேல்லை," என்றார் வலன்ரைன் தமிழில். பிறகு ஆங்கிலத்தில். பிறகு, மதாமுக்காக, தெரிந்த பிரெஞ்சில் மூக்கைத் தொட்டுக் காட்டி. "ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் ஒரு மணமும் இல்லை. முதல் கிளாசும் மணக்கவில்லை. இருபத்தெட்டு பொய்."

"நீங்கள் முகத்தைச் சுளித்தீர்களே!"

"அது பழக்கம், கேணல்."

கேணல் பெம்பர்ரன் தன் கிளாசை மிகக் கவனமாக, வெடிகுண்டை வைப்பதுபோல், கீழே வைத்தார். மீசையைத் துடைத்தார். ஒருமுறைக்கு இருமுறை துடைத்தார்.

"எனக்கு," என்றார், "பத்து வருடமாக மணக்கவில்லை."

தொண்ணூற்றெட்டுத் தை மாதத்து ஐஸ் மழையில், வாசற்படியில் சறுக்கித் தலையின் பின்பக்கம் அடிபட்டதாம். அன்று போன மூக்கு திரும்பவில்லையாம். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு எட்டு வருடம் பீப்பாவின் பெயரைக் களவாகப் பார்த்தும், கடந்த இரண்டு வருடம் வலன்ரைனின் முகத்தைப் பார்த்தும் தீர்ப்பு எழுதினாராம். சொல்லி முடித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

எல்லோரும் மதாம் லவோயைப் பார்த்தார்கள்.

"எனக்கு மூக்கு நல்லாய்த்தான் இருக்கிறது," என்றார் மதாம் கோபமாக. "ஆனால் எனக்கு இந்தச் சாமானே பிடிக்காது. கேணல் கேட்டார், வந்தேன்."

பேச்சில்லாத சகோதரர்களில் ஒருவர், பல வருடத்துக்குப் பிறகு, மற்றவரைப் பார்த்து, "போன வருடம் என் பியருக்குப் பதினேழு போட்டார்கள்!" என்றார். மற்றவர் தலையாட்டினார். கழகத்தின் வரலாற்றில் அதுதான் ஒரே சமாதானம்.

போட்டி ஒத்திவைக்கப்பட்டது. மிஸ்டர் கிளெக் விழுந்த கதிரையை நிமிர்த்தினார். கோபமில்லை, ஆனால் முகம் களைத்திருந்தது.

"காலையில் ஒரு ரெலிபோன் எடுத்திருக்கலாமே, வால். குடிப்பதற்கு முதல் சொல்லியிருக்கலாம்."

"அதுதான், சேர்," என்றார் வலன்ரைன். "குடிக்க முதல் சொல்லியிருக்கலாம்."

அவர் அதை மிஸ்டர் கிளெக்குக்குச் சொல்லவில்லை. நாலாவது கதிரைக்குச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் மரியதாசன் வழக்கம்போல ஜன்னலோரம். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் போய்விடுவார் என்று வலன்ரைன் கணக்குப் போட்டிருந்தார். டோர்வலில் பஸ் நின்றபோது, இங்கே விமான நிலையம் இருக்கிறது, உங்களுக்கு விசாவும் தேவையில்லை, இறங்குங்கோ என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். கதவு திறந்தது, மூடியது. மரியதாசன் அசையவில்லை. ஏழு வெள்ளைக்காரருக்கும் ஒரு கேணலுக்கும் ஒரு மதாமுக்கும் சொன்ன உண்மை அவருக்குப் போதவில்லை போலும். அவர் அவர்களுடைய சகலன் அல்லவே.

மூன்றாம் மாடி வரைக்கும் கூடவே ஏறி வந்து, சமையலறையில் எப்போதும் இருக்கும் கதிரையில் இருந்தார். றோசா அந்தக் கதிரையில் ஒருநாளும் உடுப்பு மடித்து வைத்ததில்லை, பை வைத்ததில்லை. வலன்ரைன் அதை அன்றுதான் கவனித்தார்.

"என்ன, வெண்டது ஆர்?" என்றாள் றோசா, கேத்திலை இறக்கியபடி.

"றோசா, எனக்கு மணக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"நல்ல காரியம்."

"அண்டைக்கும் மணக்கேல்லை, றோசா."

அவள் எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. வெந்நீரைச் சாயத்தில் ஊற்றினாள். சீனி போட்டாள், கலக்கினாள். கரண்டி கிளாசில் படும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அத்தாரைப் பெட்டியில வைச்சிருக்க, நீங்கள் தலைமாட்டில நிண்டு தும்மிக்கொண்டெல்லே நிண்டனீங்கள். சுவாமியார் ரெண்டு தரம் செபத்தை நிப்பாட்டினவர். தடிமன்காரனுக்கு என்னெண்டு மணந்திருக்கும்?"

வலன்ரைன் மற்றக் கதிரையைப் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"அக்காவுக்கு?"

"அக்காதான் எனக்குச் சொன்னவ."

"இருவது வருசமாய் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"நீங்கள் சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்," என்றாள் றோசா. "அக்கா ஒவ்வொரு நத்தாருக்கும் ரெலிபோனில கேக்கிறவ, 'இன்னும் இல்லையோ?' எண்டு."

தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள். தனக்கொன்றும் எடுத்தாள். வலன்ரைனின் விரல் கிளாசை நோக்கிப் போய், றோசாவின் லினோலியத்தை நினைத்துப் பாதியில் நின்றது. அப்போது றோசா, பதினெட்டு வருடம் அந்தக் கபிலப் பொட்டைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்த றோசா, தன் கிளாசில் விரலைத் தோய்த்து, மற்றக் கதிரையடியில் ஒரு சொட்டைத் தெறித்தாள். பழக்கமில்லாத கை. இரண்டு சொட்டாக விழுந்தது.

கதிரை லேசாகக் கிரீச்சிட்டது. மரக் கதிரை, கார்த்திகைக் குளிர், கிரீச்சிடுவது இயல்பு.

"குடியுங்கோ, ஆறப்போகுது," என்றாள். பிறகு, தானறியாமல்: "என்ன மாதிரி?"

வலன்ரைன் ஒரு வாய் குடித்தார். முகம் பழக்கப்படி சுளிக்கப் போனது. அதை நிறுத்தினார்.

"மணம் தெரியேல்லை, றோசா," என்றார். "சுடுகுது. அது மட்டும் தெரியுது."